தோற்ற ஆட்டங்கள் எங்கே? மல்யுத்தக் காணொளிச் சேவை ஒன்றின் மதிப்புரை

சர்வதேச மல்யுத்தப் போட்டிகளின் பழைய ஆட்டங்களைச் சந்தா கட்டிப் பார்க்க உதவும் இணையச் சேவை ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரைச் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே பிடித்துத் தலையில் குட்டுவது முறையாகாது. இத்தகைய சேவை ஒன்றுக்குப் பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு, எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

சந்தா கட்டியது என் மகளுக்காக. அவள் 17 வயதுக்கு உட்பட்டோர் 49 கிலோ பிரிவில் மல்யுத்தம் பயில்கிறாள். இந்த ஆண்டு பயிற்சியாளர் அவளை 53 கிலோவுக்கு மாறச் சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பது அவளுக்குப் பழகிவிட்டது. தன்னைவிடக் கனமானவர்களோடு மோதுவதுதான் அச்சமாக இருந்தது. எடைப் பிரிவு மாறி மேலே போய் வென்றவர்கள் யாராவது உண்டா என்று தேடத் தொடங்கியபோது கிடைத்த பெயர்தான் ஜெர்மனியின் அலீன் ரோட்டர்-ஃபோக்கன். தாஷ்கண்டில் 69 கிலோவில் உலகச் சாம்பியன், டோக்கியோவில் 76 கிலோவில் ஒலிம்பிக் சாம்பியன். ஆகவே இந்தச் சேவையை நான் சோதித்தது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: ஒரு வீராங்கனையின் விளையாட்டு வாழ்க்கையைத் தொடக்கம் முதல் முடிவு வரை இதில் தொடர்ந்து பார்க்க முடியுமா?

முதல் தடங்கல் தேடல் பெட்டியிலேயே வந்தது. அவர் 1991 மே 10 அன்று கிரேஃபெல்டில் அலீன் ஃபோக்கனாகப் பிறந்தவர். திருமணத்துக்குப் பிறகுதான் ரோட்டர்-ஃபோக்கன் ஆனார். நான் பார்த்த சேவைக்கு இவ்விருவரும் ஒருவர் என்பது தெரியவில்லை. இரட்டைப் பெயரை உள்ளிட்டால் பதக்கப் பட்டியலில் டோக்கியோ வருகிறது (ஆட்டத்தைப் பார்க்க முடியுமா என்பது வேறு விஷயம்), தாஷ்கண்ட் வருவதில்லை. ஃபோக்கன் என்று மட்டும் உள்ளிட்டால் தாஷ்கண்ட் வருகிறது, ஒலிம்பிக் தங்கம் காணாமல் போகிறது. பெயர்களுக்கு இடையே சிறுகோடு போடுவதா, இடைவெளி விடுவதா என்பதற்கேற்பவும் பட்டியல் மாறுகிறது. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்ட வீராங்கனை எவரைத் தேடினாலும் இதே கதிதான். ஜப்பானிய வீராங்கனைகள் சிலரிடமும் இதைக் கண்டேன். பெண்கள் மல்யுத்தத்தை விற்கும் ஒரு சேவைக்கு, பெண்கள் பெயர் மாற்றிக்கொள்வதுண்டு என்ற எண்ணமே எழாமல் போனது வியப்பாக இருக்கிறது.

பெயர் பிடிபட்ட பிறகு நாங்கள் முதலில் பார்த்தது 2014 செப்டம்பரில் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப், 69 கிலோ பிரிவின் இறுதி ஆட்டம். ஃபோக்கனுக்கு அப்போது வயது 23. எதிரே நின்றவர் ஜப்பானின் சாரா தோஷோ, 19 வயது. ஃபோக்கன் வென்று உலகச் சாம்பியனானார். அந்த ஆட்டத்தின் படத்தரம் இன்றைய தொலைக்காட்சித் திரையில் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பார்ப்பதற்கு இடைஞ்சல் இல்லை. இறுதிப் போட்டி மட்டுமல்லாமல் முந்தைய சுற்றுகளும் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஒரு குறை: முந்தைய சுற்றுகள் தனித்தனி ஆட்டங்களாக வெட்டி வைக்கப்படவில்லை, ஒரு களத்தின் ஒரு நாள் ஒளிபரப்பு முழுவதும் ஒரே நீண்ட கோப்பாகக் கிடக்கிறது. வேண்டிய ஆறு நிமிடங்களைத் தேடி மணிக்கணக்கான காட்சிகளை விரலால் தள்ளிக்கொண்டே போகவேண்டும். சிவப்புச் சீருடையா, நீலச் சீருடையா என்று முன்பே தெரிந்திருந்தால் வேலை பாதியாகக் குறையும். மகள் இரண்டாவது நாளே போட்டி அட்டவணையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இந்தத் தாஷ்கண்ட் தங்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. சேவையின் அறிமுகக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2013 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிர்வாக வாரியம் 2020 ஒலிம்பிக்கின் அடிப்படை விளையாட்டுகளிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தது. பண்டைய ஒலிம்பியாவிலிருந்து தொடரும் விளையாட்டுக்கு அப்படியொரு நெருக்கடி. சர்வதேச மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைமை மாறியது, விதிகள் மாறின, 2014இல் கூட்டமைப்பின் பெயரே மாறியது. மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றால் போதும் என்றிருந்த பழைய முறை போய், மூன்று நிமிடங்கள் வீதம் இரண்டு பாதிகள், புள்ளிகள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது என்ற முறை வந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நான்காக மட்டும் இருந்த எடைப் பிரிவுகள் ஆறாயின. 63க்கும் 72க்கும் நடுவே ஒலிம்பிக் வாய்ப்பின்றி நின்றவர்களுக்கு 69 கிலோ என்ற வாசல் திறந்தது அப்போதுதான். 2013 செப்டம்பர் 8 அன்று பியூனஸ் அயர்ஸில் நடந்த வாக்கெடுப்பில் 49 வாக்குகள் பெற்று மல்யுத்தம் மீண்டும் உள்ளே வந்தது. அந்த வாக்கெடுப்பு வேறு மாதிரி முடிந்திருந்தால், ஃபோக்கன் பின்னால் வென்ற பதக்கத்துக்கு மேடையே இருந்திருக்காது. பழைய காட்சிகளைக் குவித்து வைத்திருக்கும் ஒரு காப்பகம் இதை நான்கு வரிகளில் எழுதி வைத்தால், புதிதாக வருபவர்கள் 2012 ஆட்டத்தையும் 2014 ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு ஏன் இரண்டும் வெவ்வேறு விளையாட்டுகள்போல் இருக்கின்றன என்று குழம்ப மாட்டார்கள்.

அடுத்ததாக 2016 ரியோ. அங்குதான் எனக்கு முதல் பெரிய ஏமாற்றம். உலகச் சாம்பியன் என்ற பெயரோடு ரியோவுக்குப் போன ஃபோக்கன் பதக்கமில்லாமல் திரும்பினார். அதே 69 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் யார் தெரியுமா? தாஷ்கண்ட் இறுதியில் அவரிடம் தோற்ற அதே சாரா தோஷோ. ஒரு வீராங்கனையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான ஆட்டங்கள் வேறெவை இருக்க முடியும்? ஆனால் ஒலிம்பிக் ஒளிபரப்பு உரிமை தனி என்பதால் என் சந்தாவில் ரியோ இல்லை. அந்த ஆட்டங்களின் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி மட்டும் இருந்தது. அதை அழுத்தினால் உங்கள் பகுதியில் கிடைக்காது என்ற ஒற்றை வரி வந்தது. உரிமைச் சிக்கல் நிறுவனத்தின் தவறல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் வாங்குவதற்கு முன் அதைச் சொல்லியிருக்கலாம். சந்தாப் பக்கத்தில் ஐந்து வளையங்களை நினைவூட்டும் படங்களைப் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் கதவைச் சாத்துவது விருந்துக்கு அழைத்து வாசலில் உட்கார வைப்பதைப் போன்றது.

தோல்விகள் காப்பகத்தில் குறைவாக இருப்பதற்கு உரிமைச் சிக்கல் மட்டும் காரணமல்ல. முகப்பில் ஒவ்வொரு வீராங்கனைக்கும் சிறப்புத் தருணங்கள் என்று ஒரு வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் ஒரு நிமிடத் துண்டுகள், எல்லாம் வெற்றிகள், மேலே கைதட்டல் இசை வேறு. தோற்ற ஆட்டம் வேண்டுமென்றால் தோற்கடித்தவரின் வரிசையில்தான் அதைத் தேடவேண்டும். 2017 ஆகஸ்டில் பாரிஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஃபோக்கன் மீண்டும் 69 கிலோ இறுதிக்கு வந்தார். எதிரே மீண்டும் தோஷோ. இம்முறை வென்றவர் தோஷோ. இந்த ஆட்டத்தை நாங்கள் கண்டெடுத்தது தோஷோவின் பக்கத்தில். ஃபோக்கனின் பக்கத்தில் வெள்ளிப் பதக்கம் என்று எழுதியிருந்தது, ஆட்டம் இல்லை.

மகள் தாஷ்கண்டையும் பாரிஸையும் அன்றிரவு மாறி மாறிப் பார்த்தாள். அதே இருவர், அதே எடை, மூன்றாண்டு இடைவெளி. வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இந்தச் சேவையின் உண்மையான பலம் என்று அப்போதுதான் தெரிந்தது. கால் வேகம், அரை வேகம் இரண்டிலும் படம் சிதறுவதில்லை. ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தவும் முடிகிறது. ஒருவர் காலைப் பிடிக்கத் தாழ்கிற அந்தக் கணத்தில் மற்றவரின் இடுப்பு எந்தப் பக்கம் போகிறது, நெற்றி எங்கே முட்டுகிறது, எந்தக் கை மணிக்கட்டை விட்டுவிட்டது என்பதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சாதாரண வேகத்தில் அரை விநாடியில் முடிந்துபோகும் விஷயம் அது. இந்த ஒரு வசதிக்காகவே பயிற்சியாளர்கள் ஒரு மாதச் சந்தா கட்டலாம். நூறு முறை வாயால் சொல்வதைவிட, மணிக்கட்டுப் பிடி நழுவுகிற அந்தச் சட்டகத்தைப் பத்து நொடிகள் திரையில் நிறுத்தி வைப்பது மேலானது.

இனி, என் மகளின் கேள்விக்கு வருகிறேன். ஃபோக்கன் ஏன் மேலே போனார்? 2018 முதல் எடைப் பிரிவுகள் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டன. 69 கிலோ மறைந்து 68 வந்தது. 75 மறைந்து 76 வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 50, 53, 57, 62, 68, 76 என்ற ஆறு பிரிவுகள் வகுக்கப்பட்டன. 62க்கும் 68க்கும் ஆறு கிலோ வித்தியாசம். 68க்கும் 76க்கும் எட்டு. எனவே 69இல் போட்டியிட்டவர் ஒரு கிலோ இறங்கலாம் அல்லது ஏழு கிலோ ஏறலாம். தாளில் பார்த்தால் ஒரு கிலோ இறங்குவது எளிதாகத் தெரியும். ஆனால் அதே ஆண்டு எடை பார்க்கும் முறையும் மாறிவிட்டது. முன்பு போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்ப்பார்கள். உடலை வற்றவைத்து எடை இறக்கியவர்கள் இரவு முழுவதும் தண்ணீரும் உணவும் எடுத்து உடலைத் தேற்றிக்கொள்ளலாம். 2018இலிருந்து ஆட்டம் நடக்கும் நாளன்று காலையிலேயே எடை பார்க்கிறார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாட்கள் போட்டி என்பதால் இரண்டாம் நாள் காலையிலும் தராசில் ஏறவேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ இறுதிக்கு வந்த வினேஷ் போகத் இரண்டாம் நாள் காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது நமக்கு மறந்திருக்காது. அந்த விதிதான் இது. எடையைக் கசக்கிப் பிழிந்து கீழே இறங்கியவருக்கு இந்தப் புதிய ஏற்பாட்டில் மூச்சு விட இடமில்லை. இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு மகளின் முகத்தில் ஏற்பட்ட மாற்றம் எனக்குத் தெரியும். கனமானவர்களோடு மோதுவது ஒரு தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தவள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மோதலாம் என்று அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

ஆனால் மேலே போனதும் எல்லாம் கைகூடிவிடவில்லை. 76 கிலோவில் அப்போது அமெரிக்காவின் அடலின் கிரே கொடிகட்டிப் பறந்தார்; 2012, 2014, 2015, 2018 என்று நான்கு உலகப் பட்டங்களை அவர் ஏற்கெனவே வென்றிருந்தார். 2019 செப்டம்பரில் கஜகஸ்தானின் நூர்சுல்தானில், இன்று மீண்டும் அஸ்தானா என்று அழைக்கப்படும் அந்த ஊரின் பாரிஸ் அரங்கில், உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. 76 கிலோவில் தங்கம் கிரேக்கு, வெள்ளி ஜப்பானின் ஹிரோயே மினாகவாவுக்கு. ஃபோக்கனுக்கும் எஸ்தோனியாவின் எப் மேவுக்கும் வெண்கலம். (அரங்கின் பெயரைப் பார்த்து பிரான்ஸ் நாட்டுப் பாரிஸ் என்று நானும் முதலில் குழம்பினேன், இது கஜக் மொழியில் சிறுத்தையைக் குறிக்கும் சொல்.) அந்தப் போட்டியில் முதல் ஆறு இடங்களைப் பிடித்தவர்களின் நாடுகளுக்கு டோக்கியோ நுழைவு உறுதி என்பதால் அந்த வெண்கலத்தின் மதிப்பு பதக்கத்தைவிடப் பெரிது. இந்தப் போட்டியின் ஆட்டங்கள் அனைத்தும் சேவையில் தனித்தனியாக, தெளிவான படத்தோடு, புள்ளிக் குறிப்போடு இருக்கின்றன. 2018க்குப் பிந்தைய காட்சிகளை இவர்கள் நன்றாகவே பராமரிக்கிறார்கள் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். காலக் கோட்டில் ஒவ்வொரு புள்ளி விழும் இடத்திலும் ஒரு சிறு குறி. அதைத் தொட்டால் அந்தக் கணத்துக்கே போகிறது. தாஷ்கண்டுக்காக நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு இது மாளிகையில் நடப்பதுபோல் இருந்தது.

டோக்கியோ ஆட்டம் ஒலிம்பிக் உரிமையில் வருவது என்பதால் அதையும் என் சந்தாவில் பார்க்க முடியவில்லை. ஒலிம்பிக் இயக்கத்தின் சொந்தத் தளத்தில் இலவசமாகப் பார்த்தோம். ஆகவே இந்தப் பகுதிக்கான பாராட்டு எதுவும் நான் பணம் கட்டிய சேவைக்குப் போய்ச் சேரக் கூடாது. 2021 ஆகஸ்ட் 1 அன்று முதல் சுற்றுகளும் அரையிறுதியும், மறுநாள் இறுதியும் டோக்கியோவை அடுத்த சீபாவில் உள்ள மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் நடந்தன. அரையிறுதியில் ரோட்டர்-ஃபோக்கன் வென்றது மினாகவாவை. இறுதியில் வென்றது அடலின் கிரேயை, 7க்கு 3 என்ற புள்ளிக் கணக்கில். நூர்சுல்தான் மேடையில் தனக்கு மேலே நின்ற இருவரையும், வரிசை மாறாமல், வெள்ளி வென்றவரை முதலிலும் தங்கம் வென்றவரைப் பிறகுமாகத் தாண்டித்தான் அவர் அந்தத் தங்கத்தை எடுத்தார். நூர்சுல்தானைப் பார்க்காமல் டோக்கியோவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தச் சுவை கிடைக்காது. காப்பகம் என்ற ஒன்று தேவைப்படுவதே இதற்காகத்தான்; ஒரு நிமிடத் துண்டுகள் இதைத்தான் தின்றுவிடுகின்றன.

பெருந்தொற்றுக் காலம் என்பதால் அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. அந்த வெறுமை ஆட்டத்தைக் கேட்பதற்கு உதவுகிறது என்பது ஒரு விநோதமான உண்மை. காலணி விரிப்பில் உரசும் ஒலியும் களத்தின் மூலையிலிருந்து பயிற்சியாளர்கள் கத்துவதும் காதில் தெளிவாக விழுகின்றன. நல்ல ஒலிபெருக்கி இருப்பவர்கள் வருணனையை முடிந்த அளவு தாழ்த்திவிட்டுப் பார்க்கவும். ஆட்டம் முடியும் தறுவாயில் நான்கு புள்ளி முன்னிலை என்பது மல்யுத்தத்தில் பாதுகாப்பான தொலைவு அல்ல; ஒரே வீச்சுக்கு நான்கோ ஐந்தோ புள்ளிகள் விழும் விளையாட்டு இது. சமநிலை வந்தால் யார் பெரிய பிடி போட்டார்கள், யார் கடைசியாகப் புள்ளி எடுத்தார்கள் என்பவற்றையெல்லாம் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். கடைசி விநாடிகளில் மகள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். பல ஆண்டுகளாக உலகுக்கே தெரிந்திருந்த முடிவு என்பது அவளுக்கு அப்போது பொருட்டாகவே இல்லை.

அந்தத் தங்கம் ஜெர்மனிக்கு எத்தகையது என்பதற்கும் ஒரு வார்த்தை. பெண்கள் மல்யுத்தம் 2004 ஏதென்ஸில்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அன்றிலிருந்து ரியோ வரை எந்த ஜெர்மானியப் பெண்ணும் ஒலிம்பிக் மல்யுத்தப் பதக்கம் பெற்றதில்லை. முதல் பதக்கமே தங்கமாக வந்தது. ஆண்களையும் சேர்த்துப் பார்த்தாலும் 1992 பார்சிலோனாவில் மாய்க் புல்மான் வென்ற பிறகு ஜெர்மனியின் பதக்கப் பட்டியலில் நிலைத்து நின்ற முதல் மல்யுத்தத் தங்கம் இது. டோக்கியோவிலேயே, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாத கிரேக்க-ரோமன் பாணியில், ஃபிராங்க் ஸ்டெப்ளரும் டெனிஸ் குட்லாவும் வெண்கலம் வென்றார்கள். அதே டோக்கியோவில் 68 கிலோவில் ஆடிய சாரா தோஷோ, சொந்த மண்ணில், பதக்கமில்லாமல் வெளியேறினார். ரியோவில் ஒருவருக்கு நேர்ந்தது டோக்கியோவில் மற்றவருக்கு நேர்ந்தது. 30 வயதான ரோட்டர்-ஃபோக்கன் அந்த ஒலிம்பிக்கோடு சர்வதேசக் களத்திலிருந்து விடைபெற்றார்.

மீண்டும் சந்தாச் சேவைக்கு வருகிறேன். வருணனை ஆங்கிலத்தில் வருகிறது. சில போட்டிகளுக்கு ஜெர்மன் ஒலித்தடமும் இருக்கிறது. தமிழோ வேறெந்த இந்திய மொழியோ இல்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஜெர்மன் புரியாவிட்டாலும் ஒரு மாலை அதைப் போட்டுக் கேட்டோம். எதிரியின் இரு தோள்களையும் விரிப்பில் பதித்து வெல்வதை அவர்கள் ஷுல்டர்ஸீக் என்கிறார்கள். தோள் வெற்றி என்று பொருள். நம் மொழியில் தோற்றவர் மண்ணைக் கவ்வுகிறார். மல்யுத்தத்திலோ மண்ணைக் கவ்விக் குப்புறக் கிடப்பவருக்கு இன்னும் ஆட்டம் மிச்சமிருக்கிறது. வானத்தைப் பார்த்துக் கிடப்பவருக்குத்தான் கதை முடிந்தது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவரை மல்யுத்த நடுவர் ஒருவேளை நம்பக்கூடும். இதைச் சொன்னதும் மகள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுவே முதல் முறை என்பதால் ஜெர்மன் ஒலித்தடத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன்.

விதிகள் தெரியாத பார்வையாளருக்கு இந்தச் சேவை ஒன்றும் செய்வதில்லை என்பது பெரிய குறை. ஒருவர் தாக்காமல் தட்டிக்கழித்தால் நடுவர் எச்சரிப்பார். பிறகு 30 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் இருவரும் புள்ளி எடுக்காவிட்டால் எச்சரிக்கப்பட்டவரின் எதிரிக்கு ஒரு புள்ளி. திரையில் அந்த எண்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து ஆட்டம் முடியப்போகிறது என்று என் மனைவி நினைத்தார். களத்தின் மூலையிலிருந்து பயிற்சியாளர் திடீரென்று ஒரு பஞ்சுக் கட்டையை உள்ளே எறிகிறார். அது கோபத்தால் அல்ல, தீர்ப்பைக் காணொளியில் மறுபரிசீலனை செய்யக் கேட்கும் முறை. கோரிக்கை தோற்றால் எதிரிக்கு ஒரு புள்ளி போய்விடும். இவற்றை விளக்கும் ஒரு பக்கம், அதுவும் முகப்பிலேயே, இருந்திருக்க வேண்டும். வாராவாரம் புதிய துண்டுகளைத் தயாரிக்க ஆளும் நேரமும் இருப்பவர்களுக்கு இது பெரிய வேலையல்ல.

கட்டணம் பற்றியும் சொல்லவேண்டும். மாதச் சந்தா எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு முறை திரையரங்குக்குப் போய் வருகிற செலவைவிடக் குறைவு. ஆண்டுச் சந்தா அதில் ஏறத்தாழ ஏழு மடங்கு. கணக்குப் பார்த்தால் ஆண்டுச் சந்தா மலிவு. ஆனாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரலை பார்ப்பவர்களுக்கு, அதாவது உலகச் சாம்பியன்ஷிப்பும் ஆசியா, ஐரோப்பா போன்ற கண்டங்களின் அளவிலான போட்டிகளும் நடக்கும்போது உடனுக்குடன் பார்க்க விரும்புபவர்களுக்கு, அது சரி. எங்களைப் போல் பழைய ஆட்டங்களைப் படிப்பதற்காக வருபவர்களுக்கு, என்ன வேண்டும் என்று முன்பே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால், ஒரு மாதம் தாராளம். முதல் மாதம் முடிந்ததும் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. நிறுத்தும் பொத்தான் கணக்கு விவரங்களுக்குள், அதற்குள் மூன்றாவது பக்கத்தின் அடியில், வெளிறிய எழுத்தில் ஒளிந்திருந்தது. இரண்டாவது மாதம் எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். வாடிக்கையாளர் உதவிக்கு நான் அனுப்பிய கடிதத்துக்கு நான்கு நாட்கள் கழித்து மரியாதையான பதில் வந்தது, பணம் வரவில்லை.

ஐந்துக்கு மூன்று என்று மதிப்பிடுகிறேன். படத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதிக்கும் 2018க்குப் பிந்தைய ஒழுங்குக்கும் சேர்த்து மூன்று. தேடலிலும் தோல்விகளை ஒளித்து வைப்பதிலும் இரண்டு போய்விட்டன. அவற்றுள் இரண்டாவதைத்தான் அவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டும். அலீன் ரோட்டர்-ஃபோக்கனின் பக்கத்தைத் திறக்கும் ஒரு சிறுமிக்கு 2014இல் ஒரு தங்கம், 2017இல் ஒரு வெள்ளி, 2019இல் ஒரு வெண்கலம் என்று பதக்கங்களின் நிறம் மங்கிக்கொண்டே போய், திடீரென்று ஒலிம்பிக் தங்கம் விழுந்ததுபோல் தெரிகிறது. இடையில் இருந்த ரியோவும், தோற்ற இறுதியும், மாறிய எடையும் அவள் தானாகத் தோண்டி எடுக்கவேண்டியவை.

சந்தா இன்னும் ஒன்பது நாட்களில் முடிகிறது. இம்முறை அந்தப் பொத்தானை முன்கூட்டியே அழுத்திவிட்டேன். 53 கிலோவில் மகளின் முதல் போட்டி அதற்கு மறுவாரம். அதற்குள் தாஷ்கண்ட் இறுதியை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்கிறாள், இம்முறை தோஷோவின் பக்கத்திலிருந்து.